தமாக்சிஃபென் எடுப்பவருக்கு குர்குமின் மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, தினமும் 20 மி.கி. தமாக்சிஃபென் சாப்பிடுகிறார். முழங்கால் தேய்மானமும் மனச்சோர்வும் உண்டு. மூன்றுக்கும் நல்லது என்று மிளகுச் சத்து சேர்ந்த குர்குமின் (மஞ்சளிலுள்ள சத்து) மாத்திரை வாங்கியிருக்கிறோம். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். குழம்பில் போடும் மஞ்சள் அப்படியே இருக்கட்டும். அந்த மாத்திரைதான் சிக்கல்.

100 கிராம் மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 கிராம்தான். ஒரு டீஸ்பூன் தூளில் 90 மி.கி. தேறும், வீட்டுச் சமையலில் ஆளுக்கு அதுகூட வராது. அதிலும் குடல் உறிஞ்சுவது சொற்பம், உறிஞ்சியதையும் கல்லீரல் சீக்கிரமே மாற்றி வெளியே தள்ளிவிடும். மிளகிலுள்ள பைப்பரின் இந்த வேலையைத்தான் முடக்குகிறது. 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் கொடுத்தபோது உடலில் சேரும் அளவு சுமார் 20 மடங்கானது என்று 1998-ல் பெங்களூரு ஆய்வு காட்டியது. மாத்திரைக்காரர்கள் விளம்பரம் செய்வது இதைத்தான். ஆனால் பைப்பரின் குர்குமினுக்கு மட்டும் வழிவிடுவதில்லை. வலிப்புக்கான ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால் போன்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும்.

தமாக்சிஃபென் விஷயத்தில் கதை தலைகீழ். அதைக் கல்லீரல் எண்டாக்சிஃபென் என்ற வீரியமான வடிவமாக மாற்றினால்தான் முழுப் பலன். 2019-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், தினம் மூன்று வேளை 1,200 மி.கி. குர்குமினும் 10 மி.கி. பைப்பரினும் சேர்த்துக் கொடுத்தபோது எண்டாக்சிஃபென் சுமார் 12 சதவீதம் குறைந்தது. எண்டாக்சிஃபென் அளவு ஏற்கெனவே எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு அந்த 12 பெரிய எண்.

புற்றுநோய்க்கு நல்லது என்பதெல்லாம் பெரும்பாலும் ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் பார்த்தது. தாவரத்திலிருந்து புற்றுநோய் மருந்தே வராது என்று சொல்லவில்லை. நித்யகல்யாணியிலிருந்து வந்ததுதான் வின்கிறிஸ்டின். அதை ஒரு ஊசிக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் போடமாட்டார்கள், அவ்வளவு கடுமை. அந்தச் செடியின் இலையை மென்று தின்பது வைத்தியமல்ல, விஷம்.

மூன்றில் ஓரளவு ஆதாரம் உள்ளது முழங்காலுக்குத்தான். தாய்லாந்தில் 367 பேரிடம் நான்கு வாரம் நடந்த ஆய்வில், தினம் 1,500 மி.கி. மஞ்சள் சத்து, 1,200 மி.கி. ஐபுபுரூஃபன் என்ற வலி மருந்தின் அளவுக்கு வலியைக் குறைத்தது. அம்மாவுக்கு அது தேவையில்லை: டைக்ளோஃபெனாக் ஜெல்லை மருத்துவரிடம் கேட்டுத் தடவலாம். நாற்காலியில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டி 5 விநாடி நிறுத்தி இறக்கட்டும். காலுக்கு 10 முறை, காலை மாலை.

மனச்சோர்வுக்கான குர்குமின் ஆய்வுகள் சிறியவை. அதைவிட, மனச்சோர்வுக்கு அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பாருங்கள். பராக்சிடின், ஃபுளூவாக்சிடின் இரண்டும் எண்டாக்சிஃபென் உருவாவதை நன்றாகவே தடுக்கும். தமாக்சிஃபென் எடுப்பதை மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள்; மாற்று உண்டு. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மனச்சோர்வுக்கென்று விற்கும் 'செயின்ட் ஜான்ஸ் வோர்ட்' மூலிகை மாத்திரையும் கூடாது.

ஏற்கெனவே கொடுத்திருந்தால் குர்குமினை இன்றே நிறுத்திவிடலாம், படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. சிறுநீர் கறுத்துப் போவது, கண் மஞ்சளாவது, உடம்பு அரிப்பது தெரிந்தால் அன்றே கல்லீரல் பரிசோதனை செய்யுங்கள். இத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு வந்ததாக 2023-ல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. அடுத்த முறை புற்றுநோய் மருத்துவரிடம் போகும்போது டப்பாவையே எடுத்துப் போங்கள். 'சத்து மாத்திரை' என்று வாயால் சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது.