ரவுட்டரைத் திட்டுவதற்கு முன்னால்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை எந்தக் கடிதத்தைப் பிரித்தாலும் ஏபிஆர்எஸ். கேள்விப்படாதவர்களுக்காக: ஹாம் ரேடியோ (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக இயக்கும் வானொலி) வைத்திருப்பவர் தன் இருப்பிடத்தை ஒரு சின்ன பாக்கெட்டாக, அதாவது தரவுப் பொட்டலமாக, வானலையில் விடுவார், அதைக் கேட்கிற இன்னொருவரின் நிலையம் (அதை ஐகேட் என்போம்) இணையத்துக்குத் தள்ளிவிடும், அப்புறம் யார் வேண்டுமானாலும் வரைபடத்தைத் திறந்து அவரை ஒரு புள்ளியாகப் பார்க்கலாம். வேலை செய்யும்போது அழகாக இருக்கும். செய்யாதபோது எல்லாரும் எழுதுவது ஒரே வாக்கியம்: "என் ரவுட்டரில் ஏதோ கோளாறு." வாயில்லாத பெட்டி, பழியைச் சுமத்த வசதி.

கேள்வி: ஐகேட் அமைத்திருக்கிறேன் சார். ரவுட்டரில் 14580 போர்ட்டைத் திறந்தேன், ஃபயர்வாலை அணைத்தேன், கடைசியில் ரவுட்டரையே மாற்றிவிட்டேன். 'கனெக்டட்' என்று காட்டுகிறது, மற்றவர்களின் நிலையமெல்லாம் திரையில் ஓடுகிறது, ஆனால் வரைபடத்தில் என் நிலையத்தை மட்டும் காணோம்.

பதில்: முதலில் அந்த போர்ட்டை மூடிவிட்டு ஃபயர்வாலை மறுபடி போடுங்கள். 14580 என்பது ஏபிஆர்எஸ் பாக்கெட்டுகளை இணையத்தில் வாங்கிக் கொடுக்கிற சர்வரின் வீட்டுக் கதவு எண், உங்கள் வீட்டுக் கதவின் எண் இல்லை. நீங்கள் போய்த் தட்டுகிறீர்கள், அது திறக்கிறது, திறந்த அந்த ஒரே இணைப்பில்தான் போவதும் வருவதும் நடக்கிறது. உள்ளேயிருந்து வெளியே போகும் இணைப்பைச் சாதாரணமாக வீட்டு ரவுட்டர்கள் தடுப்பதில்லை. கனெக்டட் என்று வந்தபோதே ரவுட்டருக்கு விடுதலை கிடைத்துவிட்டது, புதிதாக ஒன்று வாங்கியிருக்கவே வேண்டாம்.

சரி, எங்கே மாட்டுகிறது? ஐகேட்டின் லாக்கை (நடந்ததை வரிவரியாக எழுதிவைக்கும் பதிவு) திறந்து, '#' குறியில் தொடங்குகிற வரிகளை மட்டும் பாருங்கள். சர்வர் முதலில் தன் சாஃப்ட்வேர் பெயரையும் பதிப்பையும் சொல்லும். உங்கள் கால்சைனும் (உரிமத்தோடு கிடைத்த அழைப்புக்குறி) பாஸ்கோடும் போனதும் 'லாக்ரெஸ்ப்' என்று ஒரு வரி வரும், அதில் கால்சைனை ஒட்டி 'வெரிஃபைடு' என்றோ 'அன்வெரிஃபைடு' என்றோ இருக்கும். இரண்டாவதாக இருந்தால் விஷயம் முடிந்தது: சர்வர் உங்களுக்குக் கொடுக்கும், உங்களிடமிருந்து எதையும் வாங்கிக்கொள்ளாது. நீங்கள் எழுதியிருக்கிற அறிகுறி அச்சாக இதுதான்.

பாஸ்கோடு என்பது கால்சைன் எழுத்துகளை வைத்துக் கணக்குப்போட்டு வருகிற ஓர் எண். கால்சைனுக்குப் பின்னால் போடுகிற '-10' போன்ற வால் அந்தக் கணக்கில் சேராது, வால் மாறினாலும் எண் மாறாது. ஆனால் கால்சைனில் பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் 'ஓ' எழுத்தைத் தட்டியிருந்தால் பொருந்தாது, அதைக் கண்ணால் கண்டுபிடிப்பதும் கஷ்டம், அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டுவதே மேல். பாஸ்கோடு இடத்தில் -1 இருந்தால் 'கேட்க மட்டும்' என்று அர்த்தம். யாரோ கொடுத்த மாதிரிக் கோப்பை அப்படியே ஒட்டியிருந்தீர்கள் என்றால் அதையும் ஒரு முறை பாருங்கள்.

வெரிஃபைடு என்றே வந்திருந்தால், நீங்கள் பீக்கனே (நிலையம் தன் இருப்பிடத்தைச் சொல்லும் பாக்கெட்) போடவில்லை என்பது என் சந்தேகம். ஐகேட் மற்றவர்களின் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள், தன்னைப் பற்றித் தானாக வாய் திறக்காது. டயர்வுல்ஃப் (ரேடியோ ஒலியிலிருந்து பாக்கெட்டைப் பிரித்தெடுக்கும் நிரல், அதாவது டிகோடர்) வைத்திருந்தால் அமைப்புக் கோப்பின் பிபீக்கன் (PBEACON) வரியில், இதை நேராக இணையத்துக்கு அனுப்பு என்று சொல்லும் 'சென்ட்டு=ஐஜி' (sendto=IG) என்ற துண்டு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பீக்கன் ரேடியோவுக்குத்தான் போகும். உங்களுடையது கேட்க மட்டும் அமைத்த ரேடியோ என்றால் எங்கேயும் போகாது.

கேள்வி: ரேடியோவும், டிகோடர் ஓடுகிற ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியும் மாடியில் இருக்கின்றன. வரைபட சாஃப்ட்வேர் கீழே லேப்டாப்பில். நேற்று வரை நன்றாக இருந்தது, மின்சாரம் போய் வந்ததிலிருந்து இணையவே மாட்டேன் என்கிறது. எதையும் நான் தொடவில்லை.

பதில்: நீங்கள் தொடவில்லை, மின்சாரம் தொட்டுவிட்டது. இந்த ஒரு கேஸில் ரவுட்டருக்குக் கொஞ்சம் பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே போவதற்கு முன் லேப்டாப் காட்டுகிற பிழைச்செய்தியை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று உடனே வந்து விழுந்தால், பெரும்பாலும், அந்த முகவரியில் ஒரு கருவி உயிரோடு இருக்கிறது, ஆனால் அந்த எண் கதவுக்குப் பின்னால் ஆள் இல்லை. அரை நிமிடம் யோசித்துவிட்டு 'டைம்டு அவுட்' என்று வந்தால் நீங்கள் தட்டியதே யாருக்கும் கேட்கவில்லை: முகவரி தப்பு, அல்லது நடுவில் ஃபயர்வால், அல்லது வைஃபையே இரண்டு கருவிகளையும் ஒன்றோடொன்று பேசவிடாமல் பிரித்து வைத்திருக்கிறது. விருந்தினர் வைஃபையில் இந்தப் பிரிவினை வழக்கமாகவே இருக்கும், லேப்டாப் தெரியாமல் அதில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள்.

எனக்கும் ஒரு முறை இதே மாதிரி மின்சாரம் போய் வந்தது, இதே மாதிரி உடனுக்குடன் ரெஃப்யூஸ்டு. டிகோடரை அழித்துப் புதிதாக நிறுவினேன், பழைய பதிப்பைப் போட்டேன், எதற்கும் மசியவில்லை. இரண்டாம் நாள் இரவுதான் ரவுட்டர் பக்கத்தில் எந்தெந்தக் கருவிக்கு என்ன முகவரி என்ற பட்டியலைப் பார்த்தேன். பையின் பழைய முகவரி, 192.168.1.23, இப்போது பிரின்டரிடம் இருந்தது. இரண்டு நாளாக நான் ஒரு பிரின்டரின் 8001-ஆம் கதவைத் தட்டிக்கொண்டு, அது ஏன் பாக்கெட் தரவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறேன்.

ரவுட்டருக்குள் போய், பையின் மேக் முகவரிக்கு (கருவியோடு வருகிற அடையாள எண்) ஓர் ஐபி முகவரியை ஒதுக்கிக் கொடுத்துவிடுங்கள், டிஹெச்சிபி ரிசர்வேஷன் என்ற பெயரில் இருக்கும். பையிலேயே நிலையான முகவரி எழுதிவைப்பதைவிட இது நல்லது, அப்போதுதான் ரவுட்டர் அதே எண்ணை வேறு யாருக்கும் தூக்கிக் கொடுக்காது.

முகவரி சரியாகியும் நடக்கவில்லை என்றால் கதவு எண்ணைப் பாருங்கள். டயர்வுல்ஃப் சாதாரணமாக இரண்டு கதவு வைத்திருக்கும், 8000-இல் ஏஜிடபிள்யூ மொழி, 8001-இல் கிஸ் மொழி. இதை மாற்றிப் போட்டால் வேடிக்கை என்னவென்றால், இணைப்பு கிடைத்துவிடும், பிழை எதுவும் வராது, ஒரு பாக்கெட்கூடவும் வராது. கதவைத் திறந்தவர் வேறு மொழிக்காரர்.

கேள்வி: என் வீட்டை வரைபடம் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளிக் காட்டுகிறது. ஜிபிஎஸ் இல்லை, போனில் பார்த்த எண்ணைத்தான் கையால் அடித்தேன்.

பதில்: போன் கொடுத்தது தசம டிகிரி. சாஃப்ட்வேர் கேட்டது டிகிரியும் நிமிடமும். போனில் முழு டிகிரிக்குப் பின்னால் .5678 என்று இருந்தது என்று வையுங்கள். அதை 60-ஆல் பெருக்கினால்தான் நிமிடம், அதாவது 34.07. நீங்கள் பெருக்காமல் 56.78 என்று அடித்திருப்பீர்கள். வித்தியாசம் 22.71 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 42 கிலோமீட்டர் வரும். உங்கள் வீடு நகரவே இல்லை, புள்ளிதான் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது.

தீர்க்கரேகையில் டிகிரி மூன்று இலக்கமாக இருக்க வேண்டும், 9 என்றால் 009. கிழக்கா மேற்கா என்ற எழுத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், அது மாறினால் 40 கிலோமீட்டரோடு போகாது, வேறு கண்டத்தில் குடியேறியிருப்பீர்கள்.

கேள்வி: ஜிபிஎஸ் கருவியில் விளக்கு கண் சிமிட்டுகிறது, அதோடு வந்த நிரலில் செயற்கைக்கோள்கள் எல்லாம் தெரிகின்றன. ஏபிஆர்எஸ் சாஃப்ட்வேர் மட்டும் 'நிலை இல்லை' என்கிறது. சாஃப்ட்வேர் கொஞ்சம் பழையது.

பதில்: அந்தக் கூட வந்த நிரலை முதலில் மூடுங்கள். விண்டோஸில் ஒரு காம் போர்ட்டை (கருவி கணினியோடு பேசும் வழி, மேலே சொன்ன கதவு எண் இல்லை) ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் பிடித்துக்கொள்ள முடியும், அது விட்டால்தான் இது எடுக்கும். அப்புறம் வேகம்: பழைய கருவிகள் 4800 பாட் (தரவு வேகத்தின் அலகு), இப்போது வருபவை பெரும்பாலும் 9600. அதுவும் சரி என்றால், ஒரு டெர்மினல் நிரலில் போர்ட்டைத் திறந்து ஓடுகிற வரிகளைப் பாருங்கள். நிலையைச் சொல்லும் வரி 'ஜிபிஜிஜிஏ' என்று தொடங்குகிறதா, 'ஜிஎன்ஜிஜிஏ' என்று தொடங்குகிறதா? அமெரிக்க ஜிபிஎஸ் மட்டும் கேட்கிற கருவி முதல் விதத்தில் எழுதும், பல நாட்டுச் செயற்கைக்கோள்களைச் சேர்த்துக் கணக்கிடும் புதுக் கருவி இரண்டாவது விதத்தில் எழுதும். 'ஜிபி' என்ற இரண்டு எழுத்தை மட்டுமே தேடுகிற பழைய சாஃப்ட்வேருக்கு 'ஜிஎன்' வரி கண்ணிலேயே படாது. கருவியின் அமைப்பு நிரலில் ஜிபிஎஸ் மட்டும் போதும் என்று மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் சாஃப்ட்வேரைப் புதுப்பியுங்கள். 'ஆர்எம்சி' வரியில் நேரத்துக்கு அடுத்து 'வி' என்ற எழுத்து இருந்தால் மட்டும் கதை வேறு, கருவிக்கே இன்னும் நிலை பிடிபடவில்லை. 'ஏ' ஆகும்வரை வெளியே திறந்தவெளியில் வையுங்கள்.

கேள்வி: ஸ்பீக்கரில் பாக்கெட் சத்தம் 'பர்ர்' என்று தெளிவாகக் கேட்கிறது. திரையில் ஒன்றும் வருவதில்லை. நெட்வொர்க் பிரச்சினையாக இருக்குமோ?

பதில்: இருக்காது. திரையில் வரியே வரவில்லை என்றால் பாக்கெட் நெட்வொர்க் வரைக்கும் வந்து சேரவே இல்லை. இது ஒலியின் பாடு. அந்தப் பர்ர் என்பது 1200, 2200 ஹெர்ட்ஸ் என்று இரண்டு தொனிகள் நொடிக்கு 1200 பிட் வேகத்தில் மாறி மாறி வருவது, காதுக்கு இனிமையாக இருந்தால் போதாது, வடிவம் கெடாமல் இருக்க வேண்டும். ஒலி அளவை ஏற்றாதீர்கள், இறக்குங்கள். பலரும் நேர் எதிராகச் செய்கிறார்கள். டயர்வுல்ஃப் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒலி அளவை எண்ணாகக் காட்டும், பெரும்பாலான நிலையங்கள் 50-ஐ ஒட்டி வந்தால் போதும். விண்டோஸ் மைக்ரோஃபோன் பக்கத்தில் 'ஒலி மேம்பாடு', இரைச்சல் நீக்கம் என்றெல்லாம் எது டிக் ஆகியிருந்தாலும் எடுத்துவிடுங்கள், பேச்சை மேம்படுத்துகிற கெட்டிக்காரத்தனம் தொனியைச் சிதைத்துவிடும். ஸ்குவெல்ச்சை (சமிக்ஞை இல்லாதபோது ரேடியோவின் வாயை அடைக்கும் வசதி) முழுதாகத் திறந்து வையுங்கள். கையடக்க ரேடியோ என்றால் பேட்டரி சேமிப்பை அணையுங்கள், அது நடுநடுவே குட்டித் தூக்கம் போட்டுவிட்டு எழும்போது பாக்கெட்டின் தலை போயிருக்கும், தலை இல்லாத பாக்கெட்டை எந்த டிகோடரும் ஏற்காது.

அலைவரிசையையும் ஒரு முறை சரிபாருங்கள். வட அமெரிக்காவில் 144.390, ஐரோப்பாவில் 144.800 மெகாஹெர்ட்ஸ். வேறு கண்டத்தில் எழுதிய வழிகாட்டியைப் படித்து அமைத்தவர்கள் இதில் ஏமாந்திருக்கிறார்கள்.

கேள்வி: பீக்கன் போகும்போதெல்லாம் மவுஸ் உறைந்துவிடுகிறது, சில நேரம் வைஃபையும் அறுந்துபோகிறது.

பதில்: நெட்வொர்க் அமைப்பை விட்டுவிடுங்கள், உங்கள் ரேடியோவின் அலை யுஎஸ்பி கேபிளுக்குள் நுழைகிறது. ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோடு (அலையை வெளியே விடாமல் வெப்பமாக்கிவிடும் போலி ஆன்டெனா) போட்டு ஒரு பீக்கன் விடுங்கள். தொல்லை நின்றால் ஆன்டெனாவைத் தள்ளி வைத்து, கேபிள்களை ஃபெரைட் வளையத்தில் (அலையைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) சுற்றுங்கள், ஒரு சுற்றுப் போதாது, நாலைந்து சுற்று. டம்மி லோடிலும் நிற்கவில்லை என்றால் பவர் சப்ளையைப் பாருங்கள், அனுப்பும் நேரத்தில் வோல்டேஜ் சரிகிறதா என்று. அதுவரை சக்தியைக் குறைத்து வைப்பது நல்லது.

கேள்வி: வெளியூரில் இருக்கும்போது வீட்டு நிலையத்தைப் போனிலிருந்து பார்க்க ஆசை. 8001-ஐ ரவுட்டரில் ஃபார்வர்டு செய்தேன், வெளியிலிருந்து திறக்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: திறக்காதது உங்கள் அதிர்ஷ்டம். அந்தக் கதவுக்குப் பாஸ்வேர்டு கிடையாது. வெளியில் உள்ள எவனோ அதைக் கண்டுபிடித்து ஒரு பாக்கெட்டைத் தள்ளினால் உங்கள் ரேடியோ கேள்வி கேட்காமல் அதை வானலையில் விடும், உரிமத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள். 8000-க்கும் இதே கதைதான். இன்றைக்கே அந்த ஃபார்வர்டை நீக்கிவிடுங்கள்.

ஏன் திறக்கவில்லை என்பதற்கு ஊகம்: ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரி என்று என்ன காட்டுகிறது பாருங்கள். 100.64-இலிருந்து 100.127-க்குள் ஏதாவது தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் உட்காரவைத்திருக்கிறது, நீங்கள் எத்தனை கதவைத் திறந்தாலும் தெருவாசல் பூட்டியிருக்கும். வீட்டுக்குள் இரண்டு ரவுட்டர் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தாலும் இதே விளைவு.

பார்ப்பதற்கு மட்டும் என்றால் எதையும் திறக்க வேண்டாம். ஐகேட் ஏற்கெனவே எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுக்கொண்டுதானே இருக்கிறது, போனில் ஏபிஆர்எஸ் வரைபடத் தளத்தைத் திறந்தால் உங்கள் ஐகேட் வழியாக யார் வந்தார்கள் என்றுகூடத் தெரியும். கட்டுப்படுத்தவும் வேண்டும் என்றால் வயர்கார்டு போல ஒரு விபிஎன் (இணையத்துக்கு நடுவே பூட்டிய தனி வழி) போட்டு அதன் வழியாக வீட்டுக்குள் வாருங்கள். பொது முகவரி இல்லாதவர்கள் வெளியில் ஒரு சின்ன வாடகை சர்வரை நடுவில் வைத்து, வீட்டிலிருந்து அதற்கு இணைப்பு எடுக்கவைக்க வேண்டும், உள்ளிருந்து வெளியே போகிற இணைப்புதான் எப்போதும் போகுமே. அப்படி அமைத்தால் வயர்கார்டில் 'கீப் அலைவ்' 25 நொடி என்று போட மறக்காதீர்கள், இல்லையென்றால் கொஞ்ச நேரம் பேச்சு இல்லாவிட்டாலே ரவுட்டர் அந்த வழியை மறந்துவிடும், நீங்கள் மறுபடி எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.