சுயேச்சைக்கு வெள்ளை மாளிகை எட்டுமா? – கடிதம்

வணக்கம் சார்,

அமெரிக்காவுக்கு வந்து பதினாறு வருடமாகிறது. போன வருடம்தான் குடியுரிமை கிடைத்தது. அடுத்த அதிபர் தேர்தலில் முதல் முறையாக ஓட்டுப் போடப் போகிறேன். இரண்டு கட்சிகள் மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை. என்னோடு வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் இதையேதான் சொல்கிறார்கள். காலப் (Gallup) நிறுவனத்தின் கருத்துக் கணிப்புகளில் நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்களை எந்தக் கட்சியையும் சேராதவர்கள் என்கிறார்கள். பிறகு ஏன் ஒரு சுயேச்சை வேட்பாளரால் ஜெயிக்க முடியவில்லை? சரியான ஆள் வரவில்லையா? அப்படி ஒருவர் நின்றால் அவருக்குப் போடும் ஓட்டு வீண்தானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

ஆள் வரவில்லை என்று சொல்ல முடியாது. 1992-ல் ராஸ் பெரோ வந்தார். டெக்சாஸ் கோடீஸ்வரர். சொந்தப் பணத்தில் அரை மணி நேரம், ஒரு மணி நேரம் என்று தொலைக்காட்சியில் நேரம் வாங்கி, வரைபட அட்டைகளைக் காட்டிக்காட்டி பட்ஜெட் பற்றாக்குறையை விளக்கினார். மக்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். ஜூன் மாதக் கணிப்புகளில் ஜார்ஜ் புஷ், பில் கிளின்டன் இருவருக்குமே முன்னால் இருந்தார். ஜூலையில் போட்டியிலிருந்து விலகி, அக்டோபரில் திரும்ப வந்தார். அந்தத் தடுமாற்றத்துக்கு அப்புறமும், மூன்று விவாத மேடைகளிலும் ஏறி, 18.9 சதவீத வாக்குகள் வாங்கினார். ஏறத்தாழ ஒரு கோடியே 97 லட்சம் பேர். மாநிலங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, அதிபரைத் தீர்மானிக்கும் 538 தேர்வாளர் வாக்குகளில் அவருக்குக் கிடைத்தது ஒன்றுகூட இல்லை.

காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேய்ன், நெப்ராஸ்கா தவிர எல்லா மாநிலங்களிலும் முதலிடம் வந்தவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் மொத்தமும் போகின்றன. ஆனால் இதன் விளைவு எவ்வளவு கொடூரமானது என்பதை 1948-ல்தான் பார்க்க வேண்டும். அந்த வருடம் இரண்டு பெரிய கட்சிகளுக்கு வெளியே ஸ்ட்ராம் தர்மண்டும் ஹென்றி வாலஸும் நின்றார்கள். இருவரும் ஆளுக்கு 2.4 சதவீதம், பதினொன்றரை லட்சத்தை ஒட்டிய வாக்குகள். நிறப்பாகுபாடு தொடர வேண்டும் என்று நின்ற தர்மண்டுக்குத் தெற்கில் நான்கு மாநிலங்கள், 39 தேர்வாளர் வாக்குகள். அதை எதிர்த்துப் பிரசாரம் செய்த வாலஸின் ஓட்டுகள் நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தன. பூஜ்யம். 1968-ல் இன்னொரு வாலஸ், அலபாமாவின் ஜார்ஜ் வாலஸ், பெரோவைவிடக் குறைவாக 13.5 சதவீதம் வாங்கி ஐந்து தென்மாநிலங்களைக் கைப்பற்றினார்.

ஒரு மூலையில் குவிந்து கிடக்கும் கோபத்துக்கு இந்தத் தேர்தல் முறை பரிசு கொடுக்கிறது. நாடு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவிய அதிருப்திக்கு எதுவும் கொடுப்பதில்லை. உங்களைப் போன்றவர்கள் எதிர்பார்க்கும் சுயேச்சை, இரண்டு பக்கத்திலிருந்தும் நியாயமானவர்களைச் சேர்த்துக்கொண்டு வருகிறவர். அவருடைய ஓட்டு பரவித்தான் கிடக்கும். எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

சரி, அவர் சில மாநிலங்களை ஜெயித்து, ஜெயிக்கத் தேவையான 270 தேர்வாளர் வாக்குகள் யாருக்கும் கிடைக்காமல் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது முடிவு நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குப் போகும். முதல் மூன்று இடங்களில் வந்தவர்களில் ஒருவரைச் சபை தேர்ந்தெடுக்கும். அங்கே மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. மக்கள் தொகை மிகுந்த கலிபோர்னியாவுக்கும் ஒன்று, மிகக் குறைந்த வயோமிங்குக்கும் ஒன்று. 26 மாநிலங்கள் வேண்டும். அந்தச் சபையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் இரண்டு கட்சிக்காரர்கள். தனக்கென்று ஒரு உறுப்பினர்கூட இல்லாத சுயேச்சைக்கு அங்கே யார் கை தூக்குவார்கள்?

வாக்குச்சீட்டில் பெயர் வருவதற்கே மாநிலம் மாநிலமாகக் கையெழுத்து சேகரிக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் வேறு விதி, வேறு கெடு. 1980-ல் ஜான் ஆண்டர்சன் சுயேச்சையாக நிற்பதாக அறிவித்தபோது ஒஹையோவின் கெடு ஏற்கெனவே முடிந்திருந்தது. அவர் வழக்குப் போட்டுத்தான் இடம் பெற்றார். அந்த மாதிரிக் கெடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1983-ல் சொன்னது.

நீங்கள் சொன்ன நாற்பது சதவீதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர்களிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்டால், பெரும்பாலானவர்கள் ஏதோ ஒரு கட்சிப் பக்கம் சாய்கிறார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. கட்சி மேல் வெறுப்பும் உண்மை, எதிர்க் கட்சி மேல் பயமும் உண்மை. கடைசி நாளில் பயம் ஜெயிக்கிறது. 2000-ல் புளோரிடாவில் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் வாங்கியது 97,488 ஓட்டுகள். இளைய புஷ் அங்கே ஜனநாயகக் கட்சியின் அல் கோரை ஜெயித்தது 537 ஓட்டில். நேடருக்குப் போட்டவர்களை 'ஓட்டைப் பிரித்தவர்கள்' என்று இன்றும் திட்டுகிறார்கள். ஜனநாயகத்தில் தனக்குப் பிடித்தவருக்கு ஓட்டுப் போட்டதற்காக ஒருவரைக் குற்றவாளியாக்குவது எனக்கு ஏற்பில்லை. தப்பு அவருடையது இல்லை, அவருடைய இரண்டாவது விருப்பத்தைக் கேட்காத வாக்குச்சீட்டுடையது.

கேட்கும் வாக்குச்சீட்டு ஒன்று இருக்கிறது. மேய்ன் மாநிலத்தைப் பாருங்கள். 1992-ல் பெரோவுக்கு அதிக சதவீதம் கொடுத்த மாநிலம் அது; புஷ்ஷை மயிரிழையில் முந்தி அங்கே இரண்டாவதாக வந்தார். சுயேச்சைகளை ஆளுநராகவும் ஆக்கிய மண். அங்கே 2010 ஆளுநர் தேர்தலில் ஏறத்தாழ 38 சதவீதம் வாங்கியவர் ஜெயித்தார், சுயேச்சை ஒருவர் இரண்டு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். பெரும்பான்மை விரும்பாத ஒருவர் இப்படி ஆட்சிக்கு வரலாமா என்ற விவாதம் வருடக்கணக்கில் நடந்து, 2016-ல் மக்களே வாக்கெடுப்பு மூலம் விருப்ப வரிசை முறையைக் கொண்டுவந்தார்கள். முதல் விருப்பம், இரண்டாவது விருப்பம் என்று வரிசைப்படுத்தலாம். உங்கள் முதல் ஆள் வெளியேறினால் ஓட்டு அடுத்தவருக்குப் போகும். 2020-ல் அதிபர் தேர்தலுக்கும் அதுவே அங்கே பயன்பட்டது. இது 270 என்ற சுவரை இடிக்காது. பயத்தை மட்டும் எடுத்துவிடும். பயம் போனால் சுயேச்சைக்கு உண்மையில் எவ்வளவு ஆதரவு என்பதாவது தெரியவரும். அதே புளோரிடா 2022-ல் இந்த முறையைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

வீணா என்று கேட்டீர்கள். பெரோ தோற்றார், ஆனால் அவர் பேசிய பற்றாக்குறையை அதற்குப் பிறகு இரண்டு கட்சிகளாலும் ஒதுக்க முடியவில்லை. 1998-ல் பட்ஜெட்டில் உபரியே வந்தது. அவர் ஒருவரால் வந்தது என்று சொல்ல மாட்டேன், பொருளாதாரமும் நன்றாக இருந்தது. அந்த 19 சதவீதத்தைக் கவர வேண்டும் என்ற அவசரம் இரண்டு கட்சிகளுக்கும் இருந்தது நிச்சயம்.

உங்கள் மாநிலம் எது என்று எழுதவில்லை. இழுபறி மாநிலம் என்றால், இரண்டு பெரிய வேட்பாளர்களில் யார் வந்தால் உங்களால் தாங்க முடியாது என்பதை முதலில் யோசியுங்கள். நானாக இருந்தால் அங்கே சுயேச்சைக்குப் போட மாட்டேன். ஒரே கட்சி எப்போதும் பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்கும் மாநிலம் என்றால் தயங்காமல் மனதுக்குப் பிடித்தவருக்குப் போடுங்கள். இரண்டில் எதுவானாலும், அதே சீட்டில் கீழே பள்ளி வாரியம், நகர மன்றம் என்று நீண்ட பட்டியல் இருக்கும். பலர் அதுவரை போவதில்லை என்கிற அளவுக்கு அலட்சியம். சில நூறு ஓட்டில் முடிவாகும் இடங்கள் அவை, கட்சிச் சின்னமே இல்லாதவை நிறைய. அங்கே நிற்பவர்கள் யார் என்று இப்போதே விசாரிக்க ஆரம்பியுங்கள்.