பச்சைத் தண்ணீருக்கு மருந்து வாங்காதீர்கள்

கேள்வி: தோட்டத்தில் 8 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி ஆழத்தில் குளம் கட்டி ஆறு மாதமாகிறது. 25 தங்கமீன்கள் இருக்கின்றன. பராமரிப்புக்கு வருபவர் மாதாமாதம் முழுவதும் இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்புகிறார். பத்தே நாளில் மறுபடி பச்சை. புற ஊதா விளக்கும் பாசிக்கொல்லியும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். இறைப்பதையும் நிறுத்துங்கள். உங்கள் குளம் பச்சையாவதற்கு அந்த இறைப்பே பாதிக் காரணம்.

சுவரிலும் கல்லிலும் வழுவழுவென்று படிகிறதே, அதில்தான் நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை அவை படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றும், நைட்ரேட்டைச் செடிகள் உறிஞ்சிக்கொள்ளும். இந்தக் கூட்டம் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். உங்கள் வீட்டில் அது தலையெடுக்கும் நேரத்தில் பிளீச்சிங் பவுடர் வந்துவிடுகிறது. செடியும் இல்லை என்றால், கழிவும் வெயிலும் மிதக்கும் பாசிக்குத்தான் போகும்.

பாசிக்கொல்லி பாசியைக் கொல்லும், உண்மைதான். ஆனால் செத்த பாசி அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகும். மறுநாள் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். தாமிரம் கலந்த மருந்தாக இருந்தால் நத்தைகளும் சாகும். மருந்தை விற்பவரே பராமரிப்புக்கும் வருகிற ஏற்பாட்டில் இதை உங்களிடம் யார் சொல்லப்போகிறார்கள்? புட்டியில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டால்கூடப் பல இடங்களில் பதில் வராது. பல வருடமாகக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. புற ஊதா விளக்கு மிதக்கும் பாசியை மட்டும் குறைக்கும். அந்தப் பாசிக்குத் தீனியான சத்து தண்ணீரிலேயே இருப்பதால், அடுத்து நூல்பாசி கிளம்பும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? உங்கள் குளம் ஏறத்தாழ 2,700 லிட்டர் கொள்ளும். தங்கமீன் ஓர் அடி வரைகூட வளரக்கூடியது. பத்து போதும், மற்றவற்றை இடம் உள்ளவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது, எவ்வளவு தீனி போட்டாலும் தேடிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும் போடுங்கள்.

அல்லியைத் தொட்டியில் நட்டு இறக்குங்கள். களிமண் போதும், எரு கலக்காதீர்கள், அதுவும் பாசிக்குத்தான் தீனி. இலைகள் நீர்ப்பரப்பில் பாதியையாவது மூட வேண்டும். நீருக்குள் வளர வாலிஸ்னேரியா என்ற நாடா இலை நீர்ச்செடியை வையுங்கள். ஊதாப் பூ பூக்கும் ஆகாயத்தாமரையை 'இயற்கை ஃபில்டர்' என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். சாதகமான சூழலில் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகி, குளத்தையே மூடிவிடும்.

குறைந்த நீரை வாரம் ஒரு முறை ஈடு செய்தால் போதும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள்.

முழுவதும் இறைக்க வேண்டிய நிலை ஒன்று உண்டு. பக்கத்துச் செடிகளுக்கு அடித்த பூச்சிமருந்து குளத்தில் விழுந்துவிட்டால் இறைத்தே ஆக வேண்டும். இதை நன்றாக அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் 'மருந்து விழுந்திருக்கும்' என்று சொல்லியே பலர் மோட்டாரைப் போடுகிறார்கள். விடியலில் மட்டும் மீன் வாய் பிளந்து, வெயில் ஏறியதும் தெளிந்துவிட்டால் அது ஆக்சிஜன் குறை. மருந்து தெளித்த சிறிது நேரத்தில் மீன்கள் தாறுமாறாக ஓடி ஒருக்களித்துச் சாய்வதும், நீர்ப்பூச்சிகள் செத்து மிதப்பதும் வேறு விஷயம். அப்போது மீன்களை உடனே குளோரின் போன நல்ல தண்ணீருக்கு மாற்றுங்கள். இறைத்த நீரைச் சாக்கடையிலோ வேறு குளத்திலோ விடக்கூடாது, எப்படி அகற்றுவது என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். குளத்தை வெறும் தண்ணீரில் மட்டும் அலசுங்கள். அப்புறம் நுண்ணுயிரிகளுக்காக மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதுதான்.

மாதாமாதம் இறைப்பதை நிறுத்திய முதல் சில வாரம் தண்ணீர் இன்னும் பச்சையாகலாம். பயந்துபோய் பராமரிப்புக்காரரைக் கூப்பிடாதீர்கள். கையை முழங்கை வரை விட்டுப் பாருங்கள். உள்ளங்கை தெரிந்தால், அந்த இளம்பச்சை மீனுக்குக் கெடுதல் இல்லை. அல்லி இலை விரிய விரிய அதுவும் தெளியும்.