இரண்டு பேரிடமும் கோர முடியாது

சுங்கை சிப்புட் வாசகர் ஒருவர் தம் ஒன்றரை லிட்டர் டர்போ காருக்கு, கோயில் நிர்வாகத்தில் தம்முடன் இருக்கும் ஒருவரின் பட்டறையில் 2,800 ரிங்கிட் கொடுத்து ஈசியு ரீமேப், அதாவது இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கணினியின் மென்பொருளை மாற்றும் வேலை, செய்திருக்கிறார். நான்காம் மாதம் மெனோரா ஏற்றத்தில் பிஸ்டன் உடைந்தது. கார் உற்பத்தியாளரின் சேவை மையம் உத்தரவாதத்தை மறுத்துவிட்டது. "வாரண்டிக்கு ஒன்றும் ஆகாது" என்று பட்டறைக்காரர் புலனத்தில் (வாட்ஸ்அப்) எழுதிய செய்தி கைவசம் இருப்பதால், இருவர் மீதும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 18,000 ரிங்கிட் கோரலாமா என்று கேட்கிறார்.

உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி, கோயில் கூட்டத்தில் பட்டறைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் சேவை மையத்தில் உங்களைக் காத்திருக்க வைத்ததையும் பற்றியது. நடுவர் மன்றத்தில் இவற்றுக்கு விலை இல்லை. 50,000 ரிங்கிட் வரம்புக்குள் தொகை அடங்குகிறது, மூன்றாண்டுக் காலக்கெடுவும் கடக்கவில்லை; மனு கொடுக்கும் முறை உங்களுக்குத் தெரிந்ததே.

கேள்வி ஒன்றுதான்: பிஸ்டன் ஏன் உடைந்தது என்று நீங்கள் சொல்லப்போகிறீர்கள்? பட்டறைக்காரரிடம் பணம் பெற வேண்டுமானால் ரீமேப்தான் காரணம் என்று நிறுவ வேண்டும். உற்பத்தியாளரின் உத்தரவாதத்தைப் பெற வேண்டுமானால் ரீமேப் காரணமே இல்லை, உதிரிப்பாகம்தான் குறையுடையது என்று நிறுவ வேண்டும். மாற்றுக் கோரிக்கையாக எழுதிக்கொள்ள வழியிருந்தாலும், ஒருவருக்கு எதிராக நீங்கள் கையெழுத்திட்ட தாளை மற்றவர் எடுத்து நீட்டும்போது விளக்கம் சொல்ல உங்கள் பக்கத்தில் வழக்கறிஞர் இருக்க மாட்டார், ஏனெனில் பொதுவாக அந்த மன்றத்தில் வழக்கறிஞர்களான எங்களுக்கு இடமில்லை. இரண்டு படகில் கால் வைத்து இரண்டையும் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பட்டறைக்காரரைத்தான் சொல்வேன். ஆனால் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி, எந்தப் பெட்ரோல் ஊற்றினீர்கள் என்பது. டர்போவின் அழுத்தத்தை உயர்த்தினால் சிலிண்டருக்குள் வெப்பமும் அழுத்தமும் கூடும். ரோன் 97 (ஆக்டேன் எண் கூடிய பெட்ரோல்) என்று அமைத்த மென்பொருளோடு, எண் குறைந்த ரோன் 95 ஊற்றி ஏற்றத்தில் மிதித்தால், எரிபொருள் ஒழுங்காக எரியாமல் தட்டி வெடித்து, பிஸ்டன் வளையம் அமரும் விளிம்பை உடைத்துவிடக்கூடும். ரோன் 97 மட்டுமே ஊற்ற வேண்டும் என்று அவர் ஒரு வரி எழுதியிருந்து, உங்களிடம் ரோன் 95 ரசீதுகள் இருந்தால், புலனச் செய்தியின் பலம் பாதியாகிவிடும்.

கடிதத்தில் எனக்கு உறுத்துவது, நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன ஒரு வரி: சேவை மையத்துக்குக் கொண்டுபோகுமுன் பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினீர்கள், "மாற்றம் எதுவும் செய்யவில்லை" என்ற படிவத்திலும் கையெழுத்திட்டீர்கள். பல கார்களின் கணினி, தன்மேல் எத்தனை முறை எழுதப்பட்டது என்பதைப் பதிந்து வைத்துக்கொள்ளும். உத்தரவாத வழக்கை நீங்களே தொடுத்தால் அந்தப் படிவம்தான் முதல் ஆவணமாகும். பொய் சொல்லிப் பலன் பெற முயன்றதாக, ஏமாற்றுக் குற்றம் வரை அது இழுத்துச் செல்லக்கூடும். சேவை மையத்தை விட்டுவிடுங்கள்.

பட்டறைக்காரரோடு சமரசம் செய்துகொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை, கோயில் முகத்துக்காக அல்ல, உங்கள் சாட்சியம் பலவீனமானது என்பதற்காக. இயந்திரச் செலவில் பாதியை அவர் ஏற்றால் நல்ல முடிவு. அதற்குக் குறைந்தாலும் உடனே மறுத்துவிட வேண்டாம். பேச்சுக்கான கடிதங்களில் "தன்பா பிரஜூடிஸ்" (சமரசத்துக்காகச் சொன்னதைப் பின்னர் வழக்கில் எதிராகக் காட்டக் கூடாது என்று பொருள்படும் மலாய்த் தொடர்) என்று குறிப்பிட்டு, முடிவை எழுத்தில் வாங்குங்கள். அதற்கு முன், "பிரித்துப் பார்க்கலாம் வா" என்று அவர் அழைத்தால் இயந்திரத்தைக் கொடுக்காதீர்கள். தொடர்பில்லாத ஒரு பொறியாளர் பார்த்து அறிக்கை எழுதும்வரை அது திறக்கப்படாமல் இருக்க வேண்டும். பிரித்துக் கழுவிய பிஸ்டனை வைத்துக்கொண்டு எந்தக் காரணத்தையும் நிறுவுவது கடினம்.

கார் அதே ரீமேப்போடு மீண்டும் சாலைக்கு வரப்போகிறது என்றால், முதலில் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதித் தெரிவியுங்கள். மறைத்துவிட்டு நாளை ஒருவரை மோதினால், உங்கள் காரின் சேதத்துக்கு அவர்கள் கை விரிக்கலாம்; அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தையும் உங்களிடமே திரும்பக் கேட்கலாம்.