மாமரத்துக்குக் கடற்பாசிச் சாறு தெளிக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுப் பங்கனப்பள்ளி மரம் நன்றாகப் பூத்தும், பிஞ்சுகள் பட்டாணி அளவிலேயே உதிர்கின்றன. கடையில் தரும் கடற்பாசிச் சாறு பயன்படுமா? (வாசகி, மாதவரம், சென்னை)

பதில்: பயன்படும், ஆனால் அது உரத்துக்கு மாற்று அன்று. ராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் ஊரின் கடற்கரையில் வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ் போன்ற பாசிகளின் சாற்றில் சைட்டோகைனின், ஆக்சின் முதலிய வளர்ச்சி ஊக்கிகள் சிறிதளவு இருப்பதால், வெப்பத்தை மரம் ஓரளவு தாங்கிக்கொள்ளவும், காய்ப்பிடிப்பும் பழத்தின் எடையும் இனிப்பும் கூடவும் வாய்ப்புண்டு. பூ முழுதும் விரிந்திருக்கும்போது தெளித்தால் மகரந்தம் கழுவப்படும் என்பதால், பிஞ்சு பட்டாணி அளவை எட்டியதும், பின்னர் கோலிக்குண்டு அளவிலும், மாலை நேரத்தில், புட்டியில் குறித்துள்ள அளவிலேயே தெளியுங்கள். கடற்பாசிச் சாற்றுக்குப் பதிலாகப் பஞ்சகவ்யா (பசுவின் சாணம், கோமியம், பால், தயிர், நெய் கலந்து புளிக்கவைத்த கரைசல்) தெளிப்பதானால், லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி போதும். மகசூல் இரட்டிப்பாகும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். காய் பிடித்தபின் வேரடியில் ஈரம் காயாமல் பார்ப்பதும், பூங்கொத்தில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி இருக்கிறதா என்று கவனிப்பதுமே முதல் வேலை.