மீத்தா ஒழிந்த பிறகும் அந்த ஊர்கள் ஏன் ஏழையாகவே இருக்கின்றன?

தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், ஸ்பெயின் ஆட்சி சுரங்கங்களுக்காக நடத்திய மீத்தா என்ற கட்டாய உழைப்பு ஒழிந்து 200 வருஷம் தாண்டியும் அந்த ஊர்கள் தேறாததற்கு முக்கியக் காரணம் நிலவுரிமையும் சாலையும்தான்.

1573 முதல் 1812 வரை மீத்தா எல்லைக்குள் இருந்த ஊர்கள் தங்கள் ஆண்களில் ஏழில் ஒரு பங்கைப் பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்துக்கும் ஹுவாங்காவெலிக்கா பாதரசச் சுரங்கத்துக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. அந்த ஆட்களைப் பண்ணைகள் இழுத்துக்கொள்ளக் கூடாதென்று ஸ்பெயின் அரசு உள்ளே பெரிய பண்ணைகளை வளரவிடவில்லை. வெளியே வளர்ந்த பண்ணைக்காரர்கள் விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோக, செல்வாக்கைக் காட்டிச் சாலை போட வைத்தார்கள். உள்ளே அப்படிக் கேட்க ஆளில்லை.

மலையின் உயரம்தான் காரணமோ என்று சந்தேகமிருந்தால் எல்லா மாவட்டங்களையும் மொத்தமாக ஒப்பிடாதீர்கள், எல்லைக்கோட்டை ஒட்டி இருபுறமும் உள்ள, உயரமும் சரிவும் ஒத்த ஊர்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். பொருளாதார ஆய்வாளர் மெலிசா டெல் 2010-இல் அப்படித்தான் பார்த்தார். உள்ளே குடும்பச் செலவு சுமார் 25 சதவீதம் குறைவு.

ஆனால் இதை வைத்துப் பெருநிலக்காரர் இருந்தால் நல்லது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இந்தியாவில் குடியானவனே நேரடியாக அரசுக்கு வரி கட்டிய ரயத்துவாரி மாவட்டங்களைவிட, ஜமீன்தார் வழியாக வரி வசூலித்த ஜமீன்தாரி மாவட்டங்கள்தான் விவசாய முதலீட்டில் பின்தங்கின. பெருவில் பண்ணைக்கு எதிர்ப்பக்கம், அதாவது மீத்தா எல்லைக்குள், இருந்தவன் பட்டா வைத்திருந்த குடியானவன் இல்லை, நிலத்துக்கு எந்த உறுதியும் இல்லாதவன்.