ஏபிகே கோப்பும் அம்மா அறைக் கேமராவும்: சிங்கப்பூர் வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. ஃபேஸ்புக்கில் ஏர்கான் சுத்தம் செய்யும் விளம்பரம் பார்த்து வாட்ஸ்அப்பில் பேசியிருக்கிறார். முன்பணம் 5 வெள்ளி கட்டவேண்டும் என்று அவர்கள் அனுப்பிய ஆப்பை ஆண்ட்ராய்டு கைப்பேசியில் போட்டுவிட்டார். சந்தேகம் வந்து நான் அதை நீக்கிவிட்டேன். இனி பயமில்லையா?
– வாசகர், ஈசூன்

பதில்: ஆபத்து இன்னும் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு இன்றே செயல்படுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் இதுபோன்ற ஏபிகே கோப்பு (பிளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பைப் பதியும் கோப்பு), பதிந்தவுடன் 'ஆக்சஸிபிலிட்டி' அனுமதி கேட்கும். பார்வைக் குறையுள்ளவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லவும், அவர்களுக்குப் பதிலாகப் பொத்தானைத் தட்டவும் உருவான வசதி அது. அந்த அனுமதி கிடைத்துவிட்டால் அப்பா தட்டும் வங்கி மறைச்சொல்லை அந்த ஆப் படிக்கும், குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியைப் பார்க்கும், எல்லாரும் தூங்கும் நேரத்தில் தானே வங்கி ஆப்பைத் திறந்து பணம் அனுப்பும். 5 வெள்ளி அவர்களுக்குப் பொருட்டே இல்லை. போலிக் கட்டணப் பக்கத்தில் வங்கி விவரத்தை அப்பா தட்டவேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் தொகை.

நீங்கள் நீக்கியது ஐகானை மட்டுமாகவும் இருக்கலாம். இவ்வகை ஆப்களில் சில, அன்இன்ஸ்டால் பக்கத்தைத் திறந்த மறுநொடியே முகப்புத் திரைக்குத் தள்ளிவிடும். அப்படி ஏதும் நடந்திருந்தால் அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

முதலில் ஃபிளைட் மோட் போடுங்கள். போட்டபின் திரையின் மேல்மூலையில் வைஃபை குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிளைட் மோடில் முன்பு எப்போதாவது வைஃபையைப் போட்டிருந்தால், புதிய ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் சில அதை நினைவில் வைத்து அணைக்காமல் விட்டுவிடும். அடுத்து வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியின் 24 மணி நேர எண்ணை அழைத்து 'கில் சுவிட்ச்' வேண்டும் என்று கேளுங்கள். கணக்கும் அட்டைகளும் உடனே முடக்கப்படும். எண்ணை வங்கி அட்டையின் பின்புறத்தில் பார்த்து எடுங்கள். இணையத்தில் தேடினால் விளம்பர இடத்தில் போலி எண்கள் வருவதுண்டு. பிறகு அதே மாற்றுச் சாதனத்தில் சிங்பாஸ் (அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கு), மின்னஞ்சல் மறைச்சொற்களை மாற்றுங்கள். ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதிக் கணக்கின் பரிவர்த்தனைகளையும் பாருங்கள். பணம் போயிருந்தால் காவல்துறையில் புகார் செய்யுங்கள். எது செய்வது என்று குழம்பினால் மோசடி பற்றி ஆலோசனை கேட்க 1799 என்ற ஸ்கேம்‌ஷீல்ட் எண் எந்நேரமும் உண்டு.

கைப்பேசியிலுள்ள எல்லாவற்றையும் அழித்து ஃபேக்டரி ரீசெட் செய்வது இதற்கெல்லாம் பிறகுதான். படங்களையும் தொடர்பு எண்களையும் மட்டும் திரும்ப எடுங்கள். ஆப்களை ஒவ்வொன்றாக பிளே ஸ்டோரிலிருந்து புதிதாகப் பதியுங்கள்.

இனி வராமலிருக்க இரண்டு வேலை. பிளே ஸ்டோருக்குள், ஆப்களைச் சோதிக்கும் பிளே புரொடெக்ட் என்ற பாதுகாப்பு வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். இணையத்திலிருந்து பதியும் ஆப் ஆக்சஸிபிலிட்டி, குறுஞ்செய்தி போன்ற அனுமதிகளைக் கேட்டால் அதைத் தடுக்கும் வசதியை கூகல் 2024 பிப்ரவரியில் சிங்கப்பூரில்தான் முதலில் சோதித்தது. அதை அணைக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடவேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவையுங்கள். இன்னொன்று பணப்பூட்டு. டிபிஎஸ் வங்கியில் டிஜிவால்ட், ஓசிபிசியில் மனி லாக், யுஓபியில் லாக்அவே. அதில் வைத்த தொகையை இணையவழி எங்கும் அனுப்பமுடியாது. திறக்க நேரில் வங்கிக் கிளைக்கோ, சில வங்கிகளில் ஏடிஎம்முக்கோ போகவேண்டும். ஓய்வுபெற்றவரின் சேமிப்பில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கவேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. 55 வயதைத் தாண்டியவர் என்பதால் மத்திய சேம நிதியிலும் இணையவழிப் பணமெடுப்பைப் பூட்டிவைக்கலாம். அதையும் செய்துவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மறதிநோய். இரவில் எழுந்து வாசல் கதவைத் திறக்கப் பார்க்கிறார். அவர் அறையில் கேமரா வைக்க கேரோசல் விற்பனைத் தளத்தில் பழையது ஒன்று வாங்கியிருக்கிறேன். இல்லப் பணிப்பெண்ணும் அதே அறையில்தான் தூங்குகிறார். அவர் "பரவாயில்லை மேடம்" என்கிறார். வைக்கலாமா?
– வாசகி, பொங்கோல்

பதில்: அந்த அறையில் வைக்கக்கூடாது. வீட்டில் கேமரா இருந்தால் அது எங்கெங்கே இருக்கிறது என்று பணிப்பெண்ணிடம் சொல்லவேண்டும், அவர் தூங்கும் இடம், உடை மாற்றும் இடம், குளியலறை ஆகியவற்றில் வைக்கக்கூடாது என்பது மனிதவள அமைச்சின் விதி. அந்தரங்கத்தைக் கேமராவில் பதிவது 2020 முதல் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம், 2 ஆண்டுவரை சிறை உண்டு. அவருடைய "பரவாயில்லை"யை வைத்து இதை முடிவுசெய்யாதீர்கள். வேலை அனுமதியே உங்கள் கையில் இருக்கும்போது வேண்டாம் என்று அவரால் எப்படிச் சொல்லமுடியும்?

உங்களுக்கு வேண்டியது படம் அல்ல, அம்மா எழுந்துவிட்டார் என்ற தகவல். கட்டில் விரிப்புக்கடியில் வைக்கும் அழுத்த உணர்விப் பாய், அம்மா எடை நீங்கியதும் ஒலி எழுப்பும். வாசல் கதவில் காந்த உணர்வி ஒட்டினால் கதவு திறந்த கணத்தில் கைப்பேசிக்குச் செய்தி வரும். காந்தத்துக்கும் உணர்விக்கும் இடையே 1 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். அதிகமானால் மூடிய கதவையே திறந்ததாகக் காட்டி இரவெல்லாம் எழுப்பும். கேமரா வேண்டும் என்றால் கூடத்தில், வாசலைப் பார்த்தபடி வையுங்கள். ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள். யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் பதிவு இருக்கும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். இந்தத் தேவைக்கு மூன்று நாள் பதிவு தாராளம்.

வாங்கிய கேமராவைப் பற்றி: பழைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து அதை விடுவித்தாரா என்று கேளுங்கள். பிறகு ஊசித்துளைப் பொத்தானை விளக்கு மின்னும்வரை அழுத்தி ரீசெட் செய்து, வேறெங்கும் பயன்படுத்தாத மறைச்சொல்லும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போடுங்கள். உற்பத்தியாளர் மென்பொருள் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட மாடல் என்றால் மறுபேச்சில்லாமல் ஒதுக்குங்கள். 2020 அக்டோபரில் சிங்கப்பூர் வீடுகளின் கேமராக் காட்சிகள் திருடப்பட்டு இணையத்தில் விற்பனைக்கு வந்ததை மறக்கவேண்டாம். புதிதாக வாங்குவதானால் இணையப் பாதுகாப்பு முத்திரை பாருங்கள். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020இல் தொடங்கிய திட்டம் அது, ஒன்று முதல் நான்கு நட்சத்திரம் வரை உண்டு. ஒரு நட்சத்திரம் என்றால் எல்லாச் சாதனத்துக்கும் ஒரே மறைச்சொல் இல்லை, புதுப்பிப்பு வரும் என்ற அளவில்தான். நான்கு நட்சத்திரத்துக்கு ஊடுருவிப் பார்க்கும் சோதனை நடந்திருக்கும். ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் (விருந்தினருக்கான தனி வைஃபை) திறந்து கேமராவை அதில் மட்டும் சேருங்கள். ரவுட்டரிலுள்ள யுபிஎன்பி என்ற வசதியை அணையுங்கள், அது கேட்காமலே வெளியுலகுக்கு வாசல் திறந்துவிடும்.

கேள்வி: தங்குவிடுதியில் கூடவே இருக்கும் நண்பர், சிங்பாஸும் வங்கி ஏடிஎம் அட்டையும் ஒரு மாதம் கொடுத்தால் 300 வெள்ளி தருவதாக ஒருவர் சொல்கிறார் என்கிறார். நான் ஊருக்குப் போகப்போகிறேன், கொடுக்கலாமா?
– வாசகர், துவாஸ்

பதில்: கூடாது. மோசடிப் பணம் உங்கள் பெயரில் நடமாடும், காவல்துறை உங்களைத்தான் தேடி வரும். சிங்பாஸ் விவரத்தைப் பிறர் குற்றத்துக்குக் கொடுப்பது 2024 பிப்ரவரி முதல் தனிக் குற்றம். 10,000 வெள்ளிவரை அபராதம், 3 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். சிம் கார்டை அப்படிக் கைமாற்றுவதும் 2025 ஜனவரி முதல் குற்றமாகிவிட்டது. நண்பர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார் என்றால் வங்கிக்கும் காவல்துறைக்கும் இன்றே அவராகப் போய்ச் சொல்லவேண்டும். கூடப் போங்கள்.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். தம்பியின் துணைப்பாட நிலைய இணையத்தளத்தில் அவனுடைய பக்கத்தின் முகவரி 2047 என்று முடிகிறது. 2048 என்று மாற்றினால் வேறு மாணவரின் மதிப்பெண்ணும் பெற்றோர் எண்ணும் தெரிகின்றன. எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினால்தானே நம்புவார்கள்?
– வாசகி, ஜூரோங்

பதில்: இனி ஒரு எண்ணையும் மாற்றிப் பார்க்காதீர்கள். அனுமதியில்லாமல் பிறர் தரவைத் திறப்பது கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்படி குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளிவரை அபராதமோ 2 ஆண்டுவரை சிறையோ, இரண்டுமோ. நல்ல எண்ணம் இருந்தது என்பதை நீங்கள்தான் நிரூபிக்கவேண்டியிருக்கும். நூறு பக்கத்தை இறக்கி வைத்திருந்தால் அது கடினம்.

நம்பவைக்க இவ்வளவு போதும்: பார்த்த தேதி, நேரம், எந்த எண்ணை மாற்றியதும் என்ன நடந்தது என்ற இரண்டு வரி, தம்பியின் பக்கத்தை மட்டும் காட்டும் ஸ்கிரீன்ஷாட். மற்ற மாணவர் பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அழியுங்கள். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், போட்டால் பார்ப்பவர் ஒவ்வொருவரும் எண்ணை மாற்றிப் பார்ப்பார். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் ஒரு தரவுப் பாதுகாப்பு அதிகாரியை நியமித்து அவரது தொடர்பு விவரத்தை வெளியிடவேண்டும். இணையத்தளத்தின் அடியில் தனியுரிமைப் பக்கத்தில் தேடுங்கள். அவருக்கு எழுதும்போது கைம்மாறோ பரிசோ கேட்காதீர்கள், கேட்டால் மிரட்டல் போலத் தொனிக்கும். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் இணையப் பாதுகாப்பு அமைப்பின் அவசரகாலக் குழுவான சிங்செர்ட்டுக்கும் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் தெரிவியுங்கள்.

கோளாறை அவர்கள் சரிசெய்ததாகச் சொன்னாலும் மறுபடி சோதித்துப் பார்க்க எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள். தராவிட்டால் தம்பியின் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.